ஜெர்மனிக்கு சிபாரிசு செல்லாது!

(கெமிக்கல், மூன்றாம் ஆண்டு)



ஆண்டு மலரில் சுற்றுச்சூழல் கட்டுரை என்றால் ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று ஒரு பக்கம் எழுதுவது நம் வழக்கம். மரம் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் நாம் படிப்பது டிப்ளமோ. படிப்பு முடிந்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் போய் நிற்கப் போவது ஷாப் ஃப்ளோரில். அங்கே கம்பெனியின் கழிவுத் தண்ணீர் எந்தக் குழாய் வழியே எங்கே போகிறது என்பது நம் கண் முன்னால் நடக்கும். அதைப் பற்றி நமக்குள் ஒரு தடவையாவது பேசிக்கொள்ள வேண்டாமா?

ஒரு கம்பெனி எப்போது பழைய முறையை விட்டு சுத்தமான புதுத் தொழில்நுட்பத்துக்கு மாறுகிறது? முதலாளிக்கு மனசு இருந்தால் மாறும் என்பது ஒரு கட்சி. அரசாங்கம் பிடித்து உலுக்கினால் மாறும் என்பது இன்னொரு கட்சி. ஹாஸ்டலில் இந்த இரண்டு கட்சிக்கும் இரவு 12 மணி வரை சண்டை நடக்கும். என் கட்சி வேறே. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் எப்போதுமே ஒரு உறவு உண்டு. அந்த உறவை வைத்து கம்பெனி எதைக் கேட்டு வாங்குகிறது, நாள் தள்ளிப் போட அவகாசமா, இல்லை வேலையை மாற்றிச் செய்ய அறிவா? இதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

உதாரணத்துக்கு ஜப்பான் வரை போக வேண்டாம். நம் அடையாறு போதும்.

சர்தார் பட்டேல் ரோட்டில் ஐ.ஐ.டி.க்கு எதிர்ப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு காம்பவுண்டு. பஸ் ஜன்னலில் தினமும் பார்க்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. அதுதான் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், சி.எல்.ஆர்.ஐ. 1948-ல் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம். டாக்டர் நாயுடம்மா என்ற பெரிய தோல் விஞ்ஞானி இதன் இயக்குநராக இருந்தார். பிறகு டெல்லிக்குப் போய் சி.எஸ்.ஐ.ஆர். தலைமைப் பொறுப்பே ஏற்றார். 1985-ல் ‘கனிஷ்கா’ விமானம் கடல் மேல் வெடித்ததே, அதில் போய்விட்டார். தோல் வியாபாரம் செய்கிறவன் கதவைத் தட்டி ‘ஐயா, இது ஏன் இப்படி ஆகுது?’ என்று கேட்க அரசாங்கமே கட்டி வைத்த இடம் இது.

தோல் பதனிடும் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊறும். பிறகு வந்தது குரோமியம் உப்பு. டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரே நாளில் பதம் வந்துவிடும். இதை நம் ஊரில் முதலில் முயன்று பார்த்ததும் அரசாங்கம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினியரிங் பேராசிரியர் சென்னை அரசின் செலவில் சோதனை நடத்தினார். அடுத்து வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் நம் குரோம்பேட்டையே இருக்கிறது. (தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் வரும் நம் குரோம்பேட்டை நண்பர்களுக்கு இது தெரியுமோ?) 1970-களில் சீதாராமையா கமிட்டி, ‘பாதி பதனிட்ட தோலை விற்காதே, முடித்த தோலாக, ஷூவாக, பையாக ஏற்றுமதி செய்’ என்று பரிந்துரைத்தது. டெல்லியும் கோட்டா, வரிச் சலுகை என்று அந்தப் பக்கம் தள்ளியது. அந்நியச் செலாவணி கொட்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பல்லாவரம் எல்லாம் டிரம் டிரம்மாகச் சுற்றின. கூடவே குரோமியமும் உப்பும் வாய்க்காலில் ஓடின. ஆக, அரசாங்கம் கைகாட்டிய பக்கம்தான் தொழில் போனது. மாசும் அதே வண்டியில் ஏறித்தான் வந்தது.

இனி தலைப்புக்கு வருகிறேன். பென்டாகுளோரோபீனால், சுருக்கமாக பி.சி.பி. கெமிக்கல் பசங்களுக்கு ஃபார்முலா தெரிந்திருக்கும். கப்பலில் போகும்போது தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதைச் சேர்ப்பார்கள். விஷம். 1989 டிசம்பரில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் பி.சி.பி. இருந்தால் உள்ளே விடமாட்டோம். அவ்வளவுதான்! நம் தோலுக்கு அவர்கள்தான் பெரிய வாடிக்கைக்காரர்கள். தமிழ்நாட்டு டேனரிகளுக்குத் தலையில் இடி.

இப்போது நம்மாளுங்க யாரைப் போய்ப் பார்ப்பார்கள்? எம்.எல்.ஏ.வையா? மாவட்டச் செயலாளரையா? அவர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால் ஹாம்பர்க் துறைமுகத்தில் எடுபடுமா? அங்கே டெஸ்ட் ரிப்போர்ட்தான் பேசும். எனவே வேறு வழியில்லாமல் அடையாறு கேட்டுக்கு வந்தார்கள். சி.எல்.ஆர்.ஐ. மாற்று ரசாயனங்களைச் சோதித்துச் சொன்னது. சாம்பிள் டெஸ்ட் செய்து கொடுத்தது. மத்திய அரசும் அந்த மாற்று ரசாயனங்களின் இறக்குமதி வரியைக் குறைத்தது. சில வருடங்களிலேயே தொழில் பி.சி.பி.யை விட்டு வெளியே வந்துவிட்டது. 1994-ல் ஜெர்மனி சில ஆசோ சாயங்களைத் தடை செய்தபோதும் இதே கதைதான். 1997-ல் இந்தியாவே அந்த வகையில் 70 சாயங்களைத் தடை செய்தது.

எங்க அப்பா தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடையில் 20 வருஷமாக சேல்ஸ்மேன். ஏழாவது வரை படித்தவர். அவரிடம் கேட்டேன், ‘கடைக்கு வர்றவங்க தோலைப் பத்தி என்னப்பா கேப்பாங்க?’ என்று. ‘ஒரிஜினல் லெதரான்னு கேப்பாங்க, மழையில நனைஞ்சா தாங்குமான்னு கேப்பாங்க, எவ்வளவு குறைப்பேன்னு கேப்பாங்க’ என்றார். ‘இந்தத் தோலைக் கழுவுன தண்ணி எங்க போச்சுன்னு யாராவது கேட்டிருக்காங்களா?’ என்றேன். சிரித்துவிட்டார். தி.நகரில் யாரும் கேட்காத கேள்வியை ஜெர்மனியில் கேட்டார்கள் தோழர்களே. அதிலும் கவனியுங்கள், அவர்கள் கேட்டது தங்கள் காலில் படும் விஷத்தைப் பற்றி. பாலாற்றில் படும் விஷத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

பாலாற்றைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நாம். கேட்டோமா? வேலூரில் ஒரு குடிமக்கள் நலச் சங்கம் கேட்டது. 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-ல். ஒரு கிலோ முடித்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியோ கெட்டுவிட்டது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது இந்தத் தீர்ப்பில்தான் என்று சொல்வார்கள். ஐந்து மாவட்ட டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதியை முடிக்க 1996 நவம்பர் 30 வரை கெடு.

ஆனால் அந்தத் தீர்ப்பில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பல வருடம் சொல்லிப் பார்த்தது, அவகாசம் கொடுத்தது. கோர்ட்டும் ஐந்து வருடம் திரும்பத் திரும்ப அவகாசம் கொடுத்தது. பெரும்பாலானோர் அசையவில்லை என்று நீதிபதிகளே வருத்தப்பட்டிருக்கிறார்கள். அதே தொழில், அதே வருடங்கள், அதே அடையாறு ஆராய்ச்சி நிலையம்! ஜெர்மனி சொன்னால் ஓடியது, ஊர் சொன்னால் அசையவில்லை. ஏன்? ஜெர்மனியிடம் அவகாசம் வாங்க முடியாது. சென்னையில் வாங்கலாம், டெல்லியிலும் வாங்கலாம். அவகாசம் என்பது கேட்டால் கிடைக்கிற சரக்காக இருக்கும்வரை புதுத் தொழில்நுட்பத்தை எவன் தேடுவான்?

நியாயமாகவும் பேச வேண்டும். பி.சி.பி.யை மாற்றுவது ஒரு ரசாயனத்துக்குப் பதில் இன்னொன்றைப் போடும் வேலை. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது அப்படி இல்லை. நிலம் வேண்டும், தொட்டி வேண்டும், கரண்ட் வேண்டும். அதிலும் உப்பு இருக்கிறதே, அது பெரிய தலைவலி. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு அத்தனையும் கடைசியில் தண்ணீரில்தான் கரையும். பாக்டீரியா அதைத் தின்னாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் கூடாது என்பது வாரியத்தின் வரம்பு. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இல்லாமல் அந்த வரம்புக்குள் வருவது கஷ்டம். ஆகவே முதலாளிகள் எல்லாரும் வில்லன்கள் என்று நான் எழுத மாட்டேன். அது சினிமாவுக்குச் சரி.

அரசாங்கம் பணமும் கொடுத்தது. சின்னக் கம்பெனிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் மானியம் என்று ஒரு திட்டம். வாணியம்பாடியில் வானிடெக், ராணிப்பேட்டையில் ராணிடெக் என்று கூட்டு நிலையங்கள் எழுந்தன. நல்ல காரியம். ஆனால் இந்த மானியத்தின் வடிவத்தைப் பாருங்கள். கட்டுவதற்கு மானியம் உண்டு, ஓட்டுவதற்குக் கிடையாது. கான்கிரீட் தொட்டிக்குக் காசு உண்டு, தோல் சுற்றும் டிரம்முக்குள் செய்முறையையே மாற்றினால் அந்தத் திட்டத்தில் காசு இல்லை. கம்பெனியின் மூளை எந்தப் பக்கம் வேலை செய்யும்? குழாயின் கடைசி முனையில் என்ன கட்டலாம் என்று யோசிக்கும். முதல் முனையில் கழிவே வராமல் என்ன செய்யலாம் என்று யோசிக்காது. வந்து குவிந்த கழிவுச் சகதியை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்தம் செய்யக் கட்டிய தொட்டி!

முதல் முனையில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன், கணக்காகவே பாருங்கள். வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் 60, 70 சதவீதம்தான் தோலுக்குள் ஏறும். மீதி தண்ணீரோடு போகும். அதாவது நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கி முப்பது ரூபாயைச் சாக்கடையில் கொட்டுவது. அந்தத் தண்ணீரைத் தனியே பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பவும் பதனிட உதவும். நம் லேப் மேஜையிலேயே செய்து பார்க்கலாம், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. லாபமும் உண்டு. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் போட்டுக்கொண்டன. சின்ன டேனரியில் தயங்கினார்கள். அடுத்தவன் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கிறவனுக்கு இடம் இல்லை, தெரிந்த ஆள் இல்லை, அடுத்த மாதம் ஆர்டர் வருமா என்றே தெரியாது. இங்கேதான் ‘முதலாளி மனசு’ என்ற கட்சிக்கும் கொஞ்சம் மார்க் போட வேண்டும். கழிவை அபராத விஷயமாகப் பார்க்கிறவன் வக்கீலைத் தேடுவான். காசு வீணாகிறதே என்று பார்க்கிறவன் கெமிஸ்ட்டைத் தேடுவான்.

இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு நான் போன கம்பெனி (தோல் கம்பெனி இல்லை, பெயர் வேண்டாம்) முதல் வகை. அங்கே சுத்திகரிப்பு நிலையத்துச் சாவி வாட்ச்மேன் ரூமில் ஆணியில் தொங்கும். 15 நாளில் இரண்டு நாள்தான் சாவி இறங்கியது. ஒரு நாள் வெளியிலிருந்து போன் வந்தது. மானேஜர் ‘டேய், ப்ளோயரைப் போடுங்கடா’ என்று ஓடி வந்தார். மதியம் இன்ஸ்பெக்ஷன். அந்த லாக் புத்தகத்தில் 15 நாளுக்கும் பி.ஹெச். 7.2, 7.3 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் நம்மைப் போல ஒரு டிப்ளமோ ஹோல்டர், சூப்பர்வைசர். நல்ல மனுஷன், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். ‘நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதுவான் தம்பி’ என்றார். அந்தக் கம்பெனிக்கும் அரசாங்கத் தொடர்பு இல்லாமல் இல்லை. போன் வருகிற அளவுக்குத் தொடர்பு!

என் அம்மா பிறந்த ஊர் ஆம்பூர் பக்கம். தாத்தா வீட்டுக் கிணறு இன்னும் இருக்கிறது, அந்தத் தண்ணியில் பருப்பு வேகாது. அம்மா இப்போது மயிலாப்பூரில் நாலு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். மாமா அங்கேயே ஒரு டேனரியில் டிரம் ஓட்டுகிறார். பொங்கலுக்குப் போனபோது நான் பெரிய மேதாவி மாதிரி கோர்ட், தீர்ப்பு என்று பேசினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘மூடுன்னு சொன்னா மொதலாளி ரெண்டு மாசத்துல வேற தொழில் பாத்துக்குவான். நான் எங்கடா மாப்ளே போறது? தண்ணியும் எனக்குத்தான் கெட்டுது, வேலையும் எனக்குத்தான் போவும்.’ இதற்கு என் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. கோர்ட்டிலும் சீக்கிரம் கிடைக்கவில்லை. வேலூர் வழக்கின் நஷ்ட ஈட்டுக்காக அமைத்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200 ரூபாய் கூட வராது. அதிலும் முழுசாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ‘ஆறு வாரத்தில் கொடுத்து முடி’ என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு 34 வருடம்! அவகாசம் என்ற சரக்குக்கு விலை கொடுத்தது யார் என்று தெரிகிறதா?

திருப்பூரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நொய்யலில் சாயத் தண்ணீர் விட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அவகாசம் என்ற வழி அடைபட்ட பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரு சொட்டு வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. ‘உன்னை விடமாட்டேன், ஆனால் தனியாகவும் விடமாட்டேன்’ என்று அரசாங்கம் ஒரே நேரத்தில் சொன்னால் நடக்கிறது. முதல் பாதியை மட்டும் சொன்னால் மாமாவுக்கு வேலை போகும். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் தாத்தா கிணறு போகும்.

அடையாறில் இப்போதும் வேலை நடக்கிறது. தண்ணீரில்லாக் குரோம் பதனிடும் முறை என்று ஒன்றை சி.எல்.ஆர்.ஐ. கொண்டு வந்திருக்கிறது. பதனிடுவதற்கு முன் உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊற வைப்பார்கள், பின் காரம் சேர்ப்பார்கள். இந்த இரண்டு கட்டமும் அதில் கிடையாது. குழாயின் முதல் முனை வேலை! பல டேனரிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், ஆம்பூரிலிருந்து அடையாறுக்கு வரும் வழியில் கோட்டை பக்கமும் ஒரு ரோடு பிரிகிறது என்பதுதான் காரணம் என்பேன்.

நமக்கு என்ன என்று கேட்பீர்கள். இப்போது பல தொழிற்சாலைகளின் கழிவுக் குழாயில் மீட்டர் வைத்து, வாரியத்தின் கம்ப்யூட்டருக்கே நேராக அளவு போகிறது. அந்த மீட்டரைக் கழுவுவதும் காலிபரேட் செய்வதும் நம் மாதிரி ஆட்கள்தான். லாக் புத்தகம் போய் மீட்டர் வந்தாலும், பக்கத்தில் நிற்பது டிப்ளமோதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனியிடம் சம்பளம், கேன்டீன், பஸ் எல்லாம் கேட்கிறோம். ‘சார், உங்க சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசம் கரண்ட் பில் எவ்வளவு சார்?’ என்றும் ஒருத்தராவது கேட்டுப் பாருங்கள். ஓடுகிற பிளான்ட் என்றால் உடனே சொல்லிவிடுவார்கள். முகம் பார்த்தாலே மீதி தெரியும். வேலை தேவைப்படுகிறவன் எல்லா நேரமும் இப்படிக் கேட்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் தனியாகக் கேட்காமல் யூனியன் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

யூனியன் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த டெக்னிக்கல் சிம்போசியத்துக்கு யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்று பேச்சு அடிபடுகிறது. அமைச்சரை அழையுங்கள், மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அடையாறிலிருந்து ஒரு விஞ்ஞானியையும், ஆம்பூரிலிருந்து ஒரு டிரம் ஆபரேட்டரையும் அதே மேடையில் உட்கார வையுங்கள். விஞ்ஞானிக்கு பிரின்சிபால் லெட்டர் போட்டால் போதும். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் வையுங்கள், அவருக்கு அன்றுதான் லீவு.